பத்தொன்பதில் ஒன்று

“நான் சொல்லமாட்டேண்ணே. உனக்கு எது வேணுமோ நீயே எடு” என்று சொல்லிவிட்டு செவ்வந்தி சுவரோரம் கிடந்த சிவப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள், கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் கோத்து வைத்து, இனிமேல் இந்த விஷயத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல. சோலைமலை கடையின் நடுவில் நின்றான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடிக் கடை அது. காலை பதினொன்றரை மணி இருக்கும். கீழே ஆட்டோக்களின் ஹாரன், இங்கே ஏசியின் ஒரே சீரான முனகல். மூன்று வரிசையாக மேஜைகள், மேஜைகள்மேல் திறந்து வைத்த லேப்டாப்புகள், எல்லாமே எரிந்துகொண்டிருந்தன, ஒன்றில் கடல், ஒன்றில் மலை, ஒன்றில் பெயர் தெரியாத ஏதோ நீலப் பூ, அவன் எண்ணி முடித்திருந்தான், பத்தொன்பது. எண்ணவேண்டும் என்று நினைத்து எண்ணுவதில்லை. ஒரு இடத்துக்குள் நுழைந்ததும் கண்ணே எண்ணிவிடுகிறது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பன்னிரண்டு வருஷம் தன்னையும் சேர்த்து எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவனின் கண். பத்தொன்பதில் ஒன்றை எடுக்க வேண்டும். மீதிப் பதினெட்டை என்ன சொல்லி விடுவது? தங்கை செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தான். அவள் மேலே ட்யூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள். ஜெயிலை விட்டு வெளியே வந்து எட்டு மாசமாகிறது, எட்டு மாசத்தில் அவன் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்று நேற்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துச் சொன்னாள், ஓட்டலில் என்ன வேணும் என்றால் நீ சொல்றதே எனக்கும் என்கிறாய், சட்டைக்குப் போனால் கடைக்காரன் முதலில் எடுத்துப் போட்டதையே மடித்து வைத்துக்கொள்கிறாய் என்று. அவளுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. போன வாரம் முடிவெட்டுகிற கடையில் மீசையை எப்படி வைக்கட்டும் என்று கேட்டபோது, அவள் அங்கே இல்லவே இல்லை, இருந்தும் அவன் கண்ணாடிக்குள் அவளைத் தேடியிருக்கிறான்.

“வாங்க சார். எதுக்கு யூஸ் பண்றதுக்குப் பாக்குறீங்க?” பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். கடையின் நீல மேல்கோட்டு, தலையில் வெள்ளை முக்காடு, சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ரிஸ்வானா என்று போட்டிருந்தது. இருபத்திரண்டு வயசு இருக்கலாம். எதுக்கு. சாதாரணக் கேள்விதான், காய்கறிக் கடையில் குழம்புக்கா பொரியலுக்கா என்று கேட்பதுபோல. அவன் பதிலை வீட்டிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான், பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தான், இப்போது அதில் பாதிதான் வந்தது. “படிக்கிறதுக்கு” என்றான். “உங்க பையனுக்கா சார்?” என்றாள். முப்பத்தேழு வயசுக்காரனை அப்படித்தான் கேட்பார்கள், அதில் தப்பில்லை, கல்யாணமாகி ஒரு பையன் இருந்திருந்தால் ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருப்பான், பேர் என்ன வைத்திருப்போம், அந்தப் பக்கம் போகாதே, அவள் நிற்கிறாள். “எனக்குத்தாம்மா. வக்கீலுக்குப் படிக்கிறேன். திங்கக்கிழமை காலேஜ் ஆரம்பிக்குது.” முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தான். சிரிப்பாள், அல்லது இவ்வளவு நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பாள், அல்லது அவன் முகத்தில் எங்கோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஓரடி பின்னால் போவாள். “ஓ, லா காலேஜா சார்? அப்ப இங்க வாங்க, கேமுக்கு உள்ளதெல்லாம் உங்களுக்கு வேணாம்” என்று சொல்லி அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான். தரை அப்படியே இருந்தது. ஏசி முனகிக்கொண்டிருந்தது. அவன் வக்கீலுக்குப் படிக்கிறவன் என்பதை இந்த உலகத்தில் ஒருத்தி எந்தச் சிரமமும் இல்லாமல் ஒத்துக்கொண்டுவிட்டாள், ஒரு வரிசை மேஜைகளைக் கழித்தும்விட்டாள், பத்தொன்பது பன்னிரண்டாகிவிட்டது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள், அவன் பின்னாலேயே போனான். வக்கீல்கள் நிறையப் பேர் இங்கே வருவார்கள், அவர்கள் முதலில் பார்ப்பது கீபோர்டைத்தான் சார், நாள் பூரா அடிக்கணுமில்ல. அப்புறம் கனம், கோர்ட்டு கோர்ட்டாத் தூக்கிட்டு அலையணும். திரை கண்ணாடி மாதிரிப் பளபளன்னு இருந்தா நம்ம மூஞ்சிதான் தெரியும், எழுத்து தெரியாது, மங்கலா இருக்கிறதுதான் படிக்க நல்லது. சார்ஜ் ஒரு பகல் பூரா நிக்கணும், கோர்ட்டுல பிளக்குக்கு எங்க போவீங்க. பிளக் என்றதும் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது அவனுக்குத் தெரிந்த விஷயம். அவன் எலக்ட்ரீஷியன். உள்ளே போவதற்கு முன்னால் நாலு வருஷம் வயரிங் வேலை பார்த்தவன், சுவரில் கை வைத்தாலே உள்ளே குழாய் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவான். இந்தச் சாமானில் வயரே இல்லை. “தூக்கிப் பாருங்க சார்” என்றாள். ஒன்றைத் தூக்கினான். கறுப்புமில்லாத வெள்ளையுமில்லாத ஒரு சாம்பல் நிறம், மூடினால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்தான். தூக்கிய கை அவன் நினைத்ததைவிட மேலே போய்விட்டது, அவ்வளவு லேசாக இருந்தது, ஏனென்றால் கை வேறொரு கனத்துக்குத் தயாராகியிருந்தது. அவனுடைய கேஸ் கட்டு அறுநூற்று நாற்பது பக்கம். குற்றப்பத்திரிகை, சாட்சிகள், கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு, எல்லாம் சேர்த்து வெள்ளைத் துணி நாடாவில் கட்டியது. ஏழு வருஷம் அதன்மேல்தான் தலை வைத்துப் படுத்தான், வேறு தலையணை கிடையாது, காதுக்கு நேர் கீழே நாலாவது சாட்சி இருந்தார் என்று நினைத்துக்கொள்வான். “ஏம்மா, இதுல எவ்வளவு கொள்ளும்? ஒரு கேஸ் கட்டு, ஒரு அறுநூறு பக்கம்னு வையி.” ரிஸ்வானா மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். “ஸ்கேன் பண்ணி வச்சீங்கன்னா சார், அந்த மாதிரி கட்டு ஒரு பத்தாயிரத்துக்கு மேல வைக்கலாம்.” பத்தாயிரம். அவன் அதைக் கீழே வைத்தான், சத்தம் வராமல், தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. பத்தாயிரம் பேர் பத்தாயிரம் கட்டின்மேல் தலை வைத்துப் படுத்திருப்பதை நினைத்துப் பார்க்கப் பார்க்க மூச்சு வாங்கியது, எத்தனை கட்டடம் வேண்டும் அத்தனை பேருக்கும், எத்தனை சுவர், அத்தனையும் இந்த விரல்கடை உயரத்துக்குள், அவள் சொல்கிறாள், சாதாரணமாகச் சொல்கிறாள்.

“தீர்ப்பெல்லாம் எப்படித் தேடுறதுன்னு காட்டவா சார்? வக்கீலுங்க கேப்பாங்க” என்று சொல்லி அவள் அந்தச் சாம்பல் நிறத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தான். ஏதாவது ஒரு விஷயம் சொல்லுங்க என்றாள். ஏதாவது. அவன் வாயில் வந்தது, கைதிக்கு, தாயார் உடம்புக்கு முடியாமல் இருந்தால், விடுப்பு. ஏன் அதைச் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது, இதைவிட்டால் ஆயிரம் இருக்கிறது, நிலம், வாடகை, செக், எல்லாரும் கேட்கிறதைக் கேட்டிருக்கலாம். அவள் ஒன்றும் நினைக்கவில்லை, தமிழில் கேட்டதை இங்கிலீஷில் மாற்றி அடித்தாள், அடித்த விரலை எடுக்குமுன் வந்து விழுந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் உருட்ட உருட்டக் கீழே போய்க்கொண்டே இருந்தது, இந்தக் கோர்ட்டு, அந்தக் கோர்ட்டு, அவன் பிறக்காத வருஷத்திலிருந்து போன மாசம் வரை. அவன் முன்னால் குனிந்தான். காசிநாதன் என்று ஒருவன் உள்ளே அடுத்த அறையில் இருந்தான். மரம் ஏறுகிறவன், எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா படுத்துவிட்டாள் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது, விடுப்புக் கேட்டு சோலைமலைதான் மனு எழுதினான், அங்கே எல்லாருக்கும் அவன்தான் மனு எழுதுவான், கார்பன் வைத்து மூன்று பிரதி, நடுவிரலில் பேனா அழுத்தின காய்ப்பு இன்னும் இருக்கிறது. மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். இதேமாதிரி ஒரு கேஸில் மேல்கோர்ட்டு விடச் சொல்லியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அந்தத் தீர்ப்பின் நகல் கேட்டு இலவச சட்ட உதவிக்கு எழுதினான், பதில் இல்லை, மறுபடி எழுதினான். நகல் வர ஐந்து மாசமானது. நாலாவது மாசத்தில் அந்த அம்மா போய்விட்டாள். நகல் வந்த அன்றைக்குக் காசிநாதன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா கெட்டியான பேப்பரா இருக்குண்ணே” என்றான். இப்போது அது இருந்தது, திரையில் மூன்றாவதாக, அதே பெயர்கள், அதே வருஷம், அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த முதல் வரி. அவள் விரலை எடுக்குமுன் வந்தது. ஐந்து மாசம். அவன் தன்னை அறியாமல் திரையைத் தொட்டான், எழுத்து சூடாக இருக்கும் என்று நினைத்தவன் மாதிரி. “இது, ஏம்மா, இது எத்தனை வருஷமா இப்படி வருது?” “இதா சார்? நான் ஸ்கூல் படிக்கும்போதே உண்டே” என்றாள். அப்படியென்றால் அப்போதும் இருந்திருக்கிறது. அவன் கார்பனுக்குள் காகிதத்தைச் செருகிக்கொண்டிருந்த அதே மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம், ரோட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்தால் வந்திருக்கும். அவனுக்குக் கோபம் வரவேண்டும், வந்தது, வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்று திரையைப் பார்த்தது. எவ்வளவு பெரியது இது. எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதில் எழுத்தெல்லாம் நெளிந்தது, துடைத்தால் அந்தப் பெண் பார்ப்பாள், துடைக்காமலே உட்கார்ந்திருந்தான், அவள் ஏதோ போன் வந்ததுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், போன் வரவில்லை.

பன்னிரண்டு கடைசியில் இரண்டாக வந்து நின்றது. ஒன்று முதலில் தூக்கிப் பார்த்த சாம்பல் நிறம், பதினாலு அங்குலத் திரை, கீபோர்டு அருமையாக இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் விரலுக்கு அடியில் கொஞ்சம் குழிந்து, அழுத்தினால் இறங்கி, விட்டால் ஏறியது. இன்னொன்று பெரிய திரை, கொஞ்சம் கனம், கீ தட்டையாகக் கிடந்தது, பிடிக்கவில்லை என்று சொல்லியும்விட்டான். சாம்பல்தான் என்று அவன் மனசுக்குள் ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரத்தில் ரிஸ்வானா சொன்னாள், “இதுல இன்னொரு வசதி இருக்கு சார். கைரேகை வச்சுத் திறக்கலாம். பெரிசுல அது கிடையாது. வச்சுப் பாக்குறீங்களா?” மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது, தபால் தலையில் பாதி. சோலைமலையின் வலது கை தானாகப் போய் வேட்டி மடிப்புக்குள் நுழைந்துகொண்டது. “பெரிசே நல்லாருக்கும்மா” என்றான். “பெரிசா சார்? இப்பதான் கீபோர்டு பிடிக்கலேன்னீங்க.” “பரவால்ல. பழகிரும்.” பழகிவிடும், எதுதான் பழகவில்லை. அவனைப் பிடித்த அன்றைக்கு ஸ்டேஷனில் ஒரு ஏட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி விரல் விரலாக மையில் உருட்டிக் காகிதத்தில் உருட்டினார், கையைத் தளர விடுடா, தளர விடு என்று, பத்து விரலும், ஒரு விரல் சரியாக விழவில்லை என்று மறுபடி, மண்ணெண்ணெயில் துடைத்த பிறகும் நகக்கண்ணில் மை ஒரு வாரம் இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் ஒரு பெரியவர் வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றப் போனான், மத்தியானம், வேலை முடிந்ததும் அவரே எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொடுத்தார், குடித்தான். அன்றைக்கு ராத்திரி யாரோ அவரைக் கொன்றார்கள். சொம்பில் இருந்தது இவன் ரேகை. அது பொய் இல்லை, இவன் விரல்தான், இவன் தாகம்தான், கோர்ட்டில் நிபுணர் பெரிதாக்கின போட்டோவில் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டியபோது இவனே எட்டிப் பார்த்து ஆமாம் என்றுதான் நினைத்தான். எந்த நேரத்தில் வைத்தான் என்பதை விரல் சொல்லாது, எதற்காக வைத்தான் என்றும் சொல்லாது. இதை மேல்கோர்ட்டு சொல்லப் பன்னிரண்டு வருஷமானது. அதிலிருந்து அவன் எந்தப் பாத்திரத்தையும் முழுக் கையால் பிடிப்பதில்லை. வீட்டில் டம்ளரை இரண்டு விரலால் விளிம்பில் தூக்குவதைச் செவ்வந்தி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், கேட்பதில்லை.

இப்போதும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ட்யூப் லைட்டை விட்டுவிட்டு. எழுந்து வந்து சொல்லிவிடுவாள், சின்னதே எடுண்ணே என்றோ பெரிசே எடுண்ணே என்றோ, சொல்லிவிட்டால் போதும், எதுவானாலும் தலையாட்டிவிடலாம். அவள் எழுந்திருக்கவில்லை. பதினாலு வயசிலிருந்து மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவள், இப்போது நர்ஸ், ஊருக்கே ஊசி போடுகிறவள், நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள், கைப்பையைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது. சோலைமலை சாம்பல் நிறத்தைப் பார்த்தான். கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் என்ன வந்துவிடப்போகிறது. “ஏம்மா, இங்க ரேகை வச்சா அது எங்க போகும்? யாருக்காச்சும் போகுமா?” “எங்கயும் போகாது சார், இந்த மிஷினுக்குள்ளயேதான் இருக்கும். உங்களுக்கு வேணாம்னா அழிச்சுக்கலாம்.” “யாரு அழிக்கிறது?” “நீங்கதான் சார்.” “எப்ப?” அவள் முதல் தடவையாக அவனை நிதானமாகப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப.”

அவன் கையை வெளியே எடுத்தான். வேர்த்திருந்தது, வேட்டியில் துடைத்தான். “லேசா வைங்க சார், அழுத்தவே வேணாம்” என்றாள். வைத்தான். எடுக்கச் சொன்னாள், எடுத்தான், மறுபடி வைக்கச் சொன்னாள், திரையில் வெறும் கோடாக இருந்த ஒரு ரேகைப் படம், அவன் வைக்க வைக்க, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறிக்கொண்டே வந்தது, யாரும் அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, இடது ஓரம் சார், இப்ப வலது ஓரம், அவ்வளவுதான், முடிஞ்சது. மூடச் சொன்னாள், மூடினான். “இப்பத் திறந்து விரலை வைங்க.” வைத்தான். திறந்துகொண்டது. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. விரல் பட்டதும் அவன்தான் என்று தெரிந்துகொண்டு உள்ளே விட்டுவிட்டது, காசிநாதனுக்காகக் கேட்ட தீர்ப்பு விட்ட இடத்திலேயே நின்றது. அவன் விரலைத் தூக்கிக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். சுழி சுழியாக, நடுவில் ஒரு சின்னத் தீக்காயம், இருபது வயசில் வயர் சுட்டது. இந்த விரல் ஒன்றைத் திறந்திருக்கிறது. “அழிக்கிறது எப்படின்னு காட்டும்மா.” காட்டினாள். அவனே அழித்தான். மூடித் திறந்து விரலை வைத்தான், அதற்கு அவனைத் தெரியவில்லை, யாரோ நீ என்பதுபோல் சும்மா கிடந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி பதித்தான். திறந்தது. மறுபடி அழித்தான். கடையில் இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள், ரிஸ்வானாவைக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. மூன்றாவது தடவை பதித்துவிட்டு நிறுத்தினான். அதற்குள் செவ்வந்தி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. “தள்ளுண்ணே, நான் வைக்கிறேன்” என்று குனிந்து தன் விரலை வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். திறக்கவில்லை. “என்னை விடமாட்டேங்குது பாரு.” “இது நான் இல்லன்னு அதுக்குத் தெரியுது” என்றான் சோலைமலை, சொல்லிவிட்டுத் தான் சொன்னதையே ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றான்.

ரிஸ்வானா செவ்வந்தியைப் பார்த்து, “அப்ப இதையே போட்டுரவாக்கா? இது டிஸ்பிளே பீசு, இதுல வச்ச ரேகையை அழிச்சிட்டு, சாருக்குப் புதுப் பெட்டி உடைச்சுத் தருவோம்” என்றாள். செவ்வந்தி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். “இதுதாம்மா” என்றான் சோலைமலை. “நானே அழிச்சிடுறேன்.” அழித்துவிட்டு, இரண்டு கையாலும், முழுக் கையாலும், மேல்மூடியைப் பிடித்து மெல்ல இறக்கினான். அந்தப் பெண் பில் புத்தகத்தோடு ஓடியவள் பாதி வழியில் திரும்பிக் கேட்டாள்: “சார், கூட ஒரு பை வரும். கறுப்பு இருக்கு, நீலம் இருக்கு. எது வேணும்?”

“நீலம்” என்றான் அவன், அவள் கேட்டு முடிக்கும் முன்னாலேயே.